பிடித்தவனையும் சுமந்த கப்பல்

கடற்கொள்ளைக் கதைகள் எதை எடுத்தாலும் கேப்டன் வில்லியம் கிட்டின் பெயர் வந்துவிடும். புதைத்து வைத்த தங்கம், லண்டன் தூக்குமேடை, தேம்ஸ் கரையில் தொங்கவிட்ட சடலம் என்று அவரைச் சுற்றி முந்நூறு ஆண்டுகளாகக் கதை வளர்ந்துகொண்டே போகிறது. அவர் பிடித்த கப்பலுக்கு மட்டும் அதில் இரண்டு வரிதான் கிடைக்கும். எனக்கு அந்தக் கப்பல் மேல்தான் அக்கறை. அதன் பெயர் கெடா மெர்ச்சன்ட். கிட்டுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்ததும் அதுதான், கிட்டை அட்லாண்டிக் தாண்டி வீட்டுப் பக்கம் கொண்டுவந்து சேர்த்ததும் அதுதான்.

கெடா என்பது மலாய்த் தீபகற்பத்துத் துறைமுகம், சோழர் கல்வெட்டுகளில் வரும் கடாரம். கப்பல் சூரத்தைச் சேர்ந்தது. கிட் பின்னால் பாஸ்டனில் கொடுத்த வாக்குமூலத்தில் அதை நானூறு ஐந்நூறு டன் கப்பல் என்கிறார். அவர் ஏறி வந்த அட்வெஞ்சர் கேலி 287 டன்தான். வேட்டையாட வந்ததைவிட வேட்டைப் பொருள் பெரியது.

இந்தியாவின் மேற்குக் கரையில் தேக்கில் கட்டிய கப்பல் அது. இந்த ஒரு விஷயத்தை வைத்தே இதன் பிற்கால வாழ்க்கை முழுவதையும் விளக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சூரத்துத் தச்சர்கள் பலகைகளை வெறுமனே பக்கத்தில் பக்கமாக வைத்து ஆணி அடிக்கமாட்டார்கள். ஒரு பலகையின் ஓரத்தில் பள்ளம் வெட்டி, அடுத்த பலகையின் விளிம்பு அதற்குள் போய் உட்காரும்படி இழைத்து, இடுக்கில் பஞ்சை அடைத்து மூடுவார்கள். தேக்குக்கு எண்ணெய்ப் பசை உண்டு. இரும்பு ஆணியை அரிக்காது, வெந்நீர்க் கடல்களில் மரத்தைத் துளைக்கும் புழுவுக்கும் எளிதில் இடம் கொடுக்காது. வடக்கு ஐரோப்பாவின் ஓக் மரக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் கரையேற்றிச் செப்பனிடாமல் கிடந்தால் அடிப்பலகை சல்லடையாகிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்களே பம்பாயில் தேக்குக் கப்பல்கள் கட்டத் தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கடைசிப் பயணத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்தவர்கள் ஆர்மீனிய வணிகர்கள். பாரசீகத்தின் இஸ்பஹான் நகரை ஒட்டிய ஜுல்ஃபா புறநகர்தான் அவர்களுடைய தலைமையிடம். அங்கிருந்து சூரத், வங்காளம், மணிலா வரைக்கும் குடும்பம் குடும்பமாகக் கடன், நம்பிக்கை, கடிதம் ஆகியவற்றால் கோர்த்த வணிக வலை அவர்களுடையது. 1688இல் லண்டனிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள். சென்னைக்காரர்களுக்கு இவர்கள் அந்நியர்கள் இல்லை. பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவும் அதிலுள்ள 1772ஆம் ஆண்டு தேவாலயமும் இந்த வலையின் மிச்சம். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் முதல் பாலத்தைக் கட்டிக்கொடுத்த பெட்ரஸ் உஸ்கானும் இவர்களில் ஒருவர்தான். பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டுத் தந்ததும் அவரே.

சரி, அந்தக் காலத்தில் இந்தியப் பெருங்கடலில் ஒரு வணிகக் கப்பல் நிம்மதியாகப் போக என்ன வேண்டும்? கையில் பாஸ் வேண்டும். போர்த்துகீசியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த வழக்கம் இது. எங்களிடம் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடிப்போம் என்றார்கள். பிறகு டச்சு, ஆங்கிலேயர், பிரெஞ்சு என்று எல்லாக் கம்பெனிகளும் ஆளுக்கொரு சீட்டு எழுதித் தர ஆரம்பித்தன. விவரம் தெரிந்த வணிகர் ஒன்றுக்கு மேல் வாங்கி வைத்துக்கொள்வார். எதிரே வருகிற கப்பல் எந்தக் கொடியோ அதற்கேற்ற சீட்டை நீட்டுவார். கூடவே ஐரோப்பிய மாலுமிகளையும் கலந்து அமர்த்திக்கொள்வார்கள். கெடா மெர்ச்சன்ட்டின் கேப்டன் ஜான் ரைட் என்ற ஆங்கிலேயர். இரண்டு டச்சுக்காரர்கள் இருந்தார்கள். பீரங்கிப் பொறுப்பு ஒரு பிரெஞ்சுக்காரரிடம். கப்பலில் ஏற்றியிருந்த மஸ்லின், பட்டு, காலிகோ, சர்க்கரை, அபின், வெடியுப்பு எல்லாம் வங்காளத்தில் வாங்கியவை. சரக்கில் ஒரு பகுதி மொகலாய அரசவையில் செல்வாக்குள்ள ஒரு பிரபுவுக்குச் சொந்தம்.

பாஸ்களை நான் வெறும் மிரட்டிப் பறித்த வரி என்று ஒதுக்கமாட்டேன். மிரட்டல்தான், சந்தேகமில்லை. ஆனால் வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்ல. பல வல்லரசுகள் அடித்துக்கொள்ளும் கடலில் எந்தப் பக்கமும் சேராமல் பிழைக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது. நன்றாகவே வேலை செய்த வழி. 1698 ஜனவரியில் மட்டும் அது தலைகீழாகத் திரும்பியது.

கிட் அப்போது ஏறத்தாழ கையைப் பிசைந்துகொண்டிருந்தார். 1696இல் லண்டனிலிருந்து கிளம்பும்போது அவர் கையில் இரண்டு அரசு ஆணைகள் இருந்தன. ஒன்று, கடற்கொள்ளையரைப் பிடிக்க. இன்னொன்று, பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க. இங்கிலாந்தும் பிரான்சும் அப்போது போரில் இருந்தன. பணம் போட்டவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. நியூயார்க் ஆளுநராகப் போகவிருந்த பெல்லமான்ட் பிரபுவும் அரசவையின் பெரிய விக் கட்சித் தலைவர்களும்தான். மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது, பிடிப்பதில் பங்கு மட்டுமே. ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் சிக்கவில்லை. செங்கடல் வாயில் யாத்திரைக் கப்பல்களை நெருங்கிப் பார்த்தார். கூடவே காவலுக்கு வந்த கம்பெனிக் கப்பல் விரட்டிவிட்டது. ஆட்கள் முறுக்கிக்கொண்டார்கள். 1697 அக்டோபரில் வாய்த்தகராறு முற்றி, வில்லியம் மூர் என்ற தன் பீரங்கி வீரரை இரும்பு வளையம் போட்ட வாளியால் தலையில் அடித்தார் கிட். மறுநாள் மூர் இறந்துபோனார்.

வங்காளத்திலிருந்து சூரத்துக்குத் திரும்பும் கப்பல் இலங்கையைச் சுற்றி, குமரிமுனை தாண்டி, மலையாளக் கரையோரமாக வடக்கே ஏற வேண்டும். அப்படி ஏறும்போதுதான், கொச்சிக்குப் பத்து லீக் (சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்) தூரத்தில், ஜனவரி 30 அன்று மாட்டிக்கொண்டது. கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு துரத்தினார். துரத்துவது பிரெஞ்சுக் கப்பல் என்று எண்ணிய கெடா மெர்ச்சன்ட், தன் பீரங்கிப் பொறுப்பிலிருந்த பிரெஞ்சுக்காரரையே கப்பல் தலைவர் என்று சொல்லிப் படகில் அனுப்பியது. அவர் மேலே ஏறி வந்ததும் கிட் ஆங்கிலக் கொடியை ஏற்றச் சொன்னார். வந்தவர் திகைத்துப்போய், நீங்கள் எல்லாரும் ஆங்கிலேயர்கள் என்றாராம். பிறகு, இதோ நல்ல பரிசு என்று சொல்லி பிரெஞ்சு பாஸை எடுத்துக் கொடுத்தார் என்பது கிட்டின் வாக்குமூலம். கப்பலைக் காப்பாற்ற வாங்கிய காகிதமே அதைப் பிடிப்பதற்குச் சாக்காகிவிட்டது.

உண்மையான கேப்டன் ஆங்கிலேயர் என்பது பிறகு தெரிய வந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தான் சொன்னதாகவும் ஆட்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் கிட் சொல்கிறார். கப்பலில் இருந்த ஆர்மீனியர்கள் இருபதாயிரம் ரூபாய் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். சரக்கு அதைவிட எவ்வளவோ மேல் என்று கிட் மறுத்துவிட்டார். இது அவருடைய கப்பல் வைத்தியரே நீதிமன்றத்தில் சொன்னது. திருப்பிக் கொடுக்கும் மனம் கிட்டுக்கு இருந்தது என்பதை நான் நம்பாமல் போவதற்கு இந்த இருபதாயிரம் ரூபாய்தான் காரணம்.

சட்டப்படி பார்த்தால் பிரெஞ்சு பாஸ் இருந்தால் மட்டும் போதாது. போரில் பிடித்த வணிகக் கப்பலை அப்படியே கொண்டுபோய்க் கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். நீதிபதி ஆவணங்களைப் பார்த்து, எதிரிச் சொத்துதான் என்று தீர்ப்பு எழுதிய பிறகே அதில் கை வைக்கலாம். கிட் அந்த வேலையெல்லாம் செய்யவில்லை. காயங்குளம் பக்கம் கரையோரமாகவே சரக்கை இறக்கி விற்றார். பத்துப் பன்னிரண்டாயிரம் பவுண்டு தேறியது என்று அதே சாட்சி சொன்னார். காசு பங்கு போடப்பட்டது. இன்னொன்று, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ரைஸ்விக்கில் சமாதானம் கையெழுத்தாகி அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. செய்தி இந்தக் கடல்களுக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் காலம்.

இங்கிருந்துதான் கப்பலின் இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது. புதுப் பெயர் அட்வெஞ்சர் பிரைஸ். கிட் மடகாஸ்கருக்கு வடகிழக்கே செயின்ட் மேரி தீவுக்குப் போனார். அது கொள்ளையர்களின் தங்குதுறை. ராபர்ட் கல்லிஃபோர்ட் அங்கே மோக்கா ஃபிரிகேட் என்ற கப்பலோடு நின்றிருந்தார். அதுவும் கம்பெனியிடமிருந்து கலகக்காரர்கள் பறித்த கப்பல்தான். கொள்ளையரைப் பிடிக்க வந்த கிட்டின் ஆட்களில் 97 பேர் அவரைக் கைவிட்டுக் கல்லிஃபோர்டோடு சேர்ந்துகொண்டார்கள். போனவர்கள் பீரங்கி, வெடிமருந்து, நங்கூரம் என்று அகப்பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள், கப்பல் நாட்குறிப்பையும் எரித்தார்கள் என்பது கிட்டின் புகார்.

அட்வெஞ்சர் கேலி அதற்குள் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. டெட்ஃபோர்டில் 1695இல் தண்ணீரில் இறங்கிய புதுக் கப்பல். காற்றில்லாதபோது துடுப்பு போடவும் வசதி. இரண்டே ஆண்டுக் கடலோட்டத்தில் உடம்பெல்லாம் ஓட்டை. அடிப்பாகம் பிரிந்துவிடாமல் இருக்க வடக்கயிற்றால் சுற்றிக் கட்டி, ராப்பகலாக ஆள்மாற்றித் தண்ணீர் இறைத்துத்தான் அதைச் செயின்ட் மேரி வரை கொண்டுவந்தார்கள். அங்கேயே அது முடிந்தது. இரும்புக்காக அதை எரித்தார்கள். 2015இல் அந்தத் துறைமுகத்தில் கிட்டின் வெள்ளிக்கட்டி கிடைத்துவிட்டது என்று பெரிய பரபரப்பு நடந்தது நினைவிருக்கலாம். யுனெஸ்கோ நிபுணர்கள் சோதித்துப் பார்த்து அது ஈயம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆக, கிட்டுக்கு மிஞ்சியது பிடித்த கப்பல் ஒன்றே. காற்று திரும்புவதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். 1698ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மிஞ்சிய கொஞ்சம் பேரோடு தேக்குக் கப்பலில் ஏறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அட்லாண்டிக்கில் நுழைந்தார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான். இந்தியக் கரையோரத்தில் சரக்கு ஏற்றி இறக்கப் பழகிய கப்பல், போதிய ஆளும் இல்லாமல், உலகின் மோசமான முனைகளில் ஒன்றைத் தாண்டி, கரீபியன் வரை போய்ச் சேர்ந்தது. அரசவைப் பிரபுக்கள் பணம் போட்ட போர்க்கப்பலால் இந்தத் திரும்பும் பயணத்தைத் தொடங்கக்கூட முடியவில்லை. கட்டிய தச்சர்களின் பெயர் நமக்குத் தெரியாமல் போனது பெரிய இழப்பு.

1699 ஏப்ரலில் அங்குவில்லாவை அடைந்தபோதுதான் கிட்டுக்குச் செய்தி தெரிந்தது. அரசு அவரைக் கொள்ளையர் என்று அறிவித்திருந்தது. கொள்ளையர்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்த 1698 டிசம்பர் அறிவிப்பில் விலக்கப்பட்ட பெயர்கள் இரண்டு. ஒன்று ஹென்றி எவரி, மற்றொன்று வில்லியம் கிட்.

ஏன் இவ்வளவு கோபம்? காரணம் சூரத்தில் இருந்தது. 1695இல் எவரி மொகலாயப் பேரரசின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைச் சூறையாடியபோது சூரத்தில் கம்பெனி ஆட்களைச் சிறையில் போட்டார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள் கெடா மெர்ச்சன்ட் விவகாரம். கம்பெனியின் வணிகமே நின்றுபோகும் நிலை. நஷ்டஈடும், கடலைக் காவல் காப்போம் என்ற உறுதிமொழியும் கொடுத்துத்தான் அவர்கள் தப்பினார்கள். லண்டனில் ஒருவரைத் தூக்கில் போட்டால் ஔரங்கசீப்புக்குச் சமாதானம் சொல்லலாம் என்ற கணக்கும் இருந்தது.

கரீபியனில் எந்தத் துறைமுகமும் கிட்டைச் சேர்த்துக்கொள்ளவில்லை. செயின்ட் தாமஸின் டேனிஷ் ஆளுநரும் கைவிரித்துவிட்டார். இந்தியக் கப்பல் ஒன்று அந்தக் கடலில் கண்ணை உறுத்தும். அதை வைத்துக்கொண்டு நியூயார்க் போக முடியாது. ஹென்றி போல்டன் என்ற வணிகரிடம் துணிகளில் ஒரு பகுதியை விற்று, அன்டோனியோ என்ற சிறு கப்பலை வாங்கிக்கொண்டு வடக்கே கிளம்பினார். கெடா மெர்ச்சன்ட்டை ஹிஸ்பானியோலாத் தீவின் தென்கிழக்கு ஓரத்தில் கட்டிப்போட்டு, போல்டனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போனார். கொஞ்ச நாளில் அங்கிருந்தவர்கள் சரக்கை விற்றுத் தின்றார்கள். கப்பலுக்குத் தீ வைத்தார்கள்.

அந்த மிச்சம் 2007இல் கண்டுபிடிக்கப்பட்டது. டொமினிக்கன் குடியரசின் கட்டலினா தீவுக் கரையிலிருந்து இருபது மீட்டர் சுமாரில், மூன்று மீட்டர் ஆழம்கூட இல்லாத தண்ணீரில். இண்டியானா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் பீக்கர் குழு ஆராய்ந்தது. இருபதுக்கு மேற்பட்ட பீரங்கிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. மேல்தளத்தில் முப்பது பீரங்கி, அடித்தளத்தில் இன்னும் இருபது என்று கிட் சொன்னதோடு இந்த அடுக்கு பொருந்துகிறது, ஏனென்றால் சுடுவதற்கு நிறுத்திய பீரங்கியை யாரும் அப்படி அடுக்கமாட்டார்கள். மரம் தேக்கு என்றும் ஆய்வு சொன்னது. கரீபியன் கடலடியில் இந்தியத் தேக்கு கிடப்பதற்கு வேறு விளக்கம் தேடுவது கடினம். 2011 மே 23 முதல் அந்த இடம் நீரடி அருங்காட்சியகம், போய் முக்குளித்துப் பார்க்கலாம்.

அந்தத் தேதியைத் தேர்ந்ததில் ஒரு பொருள் உண்டு. 1701 மே 23 அன்றுதான் லண்டன் வாப்பிங்கில் கிட் தூக்கிலிடப்பட்டார். முதல் தடவை கயிறு அறுந்தது, மறுபடி மாட்டினார்கள். வடக்கே போன அவரைப் பாஸ்டனில் கைது செய்து லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணை இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மூரைக் கொன்ற வழக்கு முதலில், அடுத்தது கெடா மெர்ச்சன்ட். பிரெஞ்சு பாஸ்களைக் கொண்டுவாருங்கள் என்று கிட் திரும்பத் திரும்பக் கேட்டார். பெல்லமான்ட் லண்டனுக்கு அனுப்பி, நாடாளுமன்றத்தின் முன்னே வைக்கப்பட்டவை அவை. விசாரணை அன்று அகப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் அவை பத்திரமாக இருப்பது தெரியவந்தது. அவை இருந்திருந்தாலும் கிட் தப்பியிருப்பாரா என்றால், நான் இல்லை என்றே சொல்வேன். மூர் வழக்கு ஒன்றே போதும், சரக்கை விற்றதற்கும் பதில் கிடையாது. ஆனாலும் ஒரு மனிதனுடைய ஒரே சான்றைக் கொண்டுவராமல் அவனைத் தூக்கில் போடுவது நியாயமே அல்ல.

கிட்டுக்கு நேர்ந்த அநீதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதே 1701இல் அதே நாடாளுமன்றத்தில் வந்த இன்னொரு மனுவைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. கோஜா பாபா என்ற ஆர்மீனியர், தனக்காகவும் இஸ்பஹானின் ஜுல்ஃபாவில் வாழும் மற்ற ஆர்மீனியர்களுக்காகவும் கொடுத்தது அது. நாங்கள் வாடகைக்கு எடுத்த கப்பலைக் கிட் கொள்ளையடித்தார், விசாரித்து எங்கள் பொருளைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். சரக்கை இழந்தவர் பாதி உலகத்தைத் தாண்டி வந்து, பிடித்தவரின் நாட்டுச் சபையிலேயே நியாயம் கேட்டிருக்கிறார். கிட் தூக்குக்கு முன் சபாநாயகர் ஹார்லிக்கு எழுதிய கடிதத்தில், இந்தியக் கடல்களில் சம்பாதித்த ஒரு லட்சம் பவுண்டு பெறுமானப் பொருளை எடுத்துத் தருகிறேன், உயிரோடு விடுங்கள் என்று பேரம் பேசினார். அதற்கு யாரும் மசியவில்லை. நியூயார்க் பக்கத்துக் கார்டினர் தீவிலும் பாஸ்டனிலும் அவரிடமிருந்து பிடித்த தங்கம், துணிமணிகளை விற்றதில் 6,472 பவுண்டு வந்தது. 1705இல் அந்தப் பணம் கிரீனிச் மாலுமிகள் மருத்துவமனைக்குக் கொடுக்கப்பட்டது. முதுமையடைந்த மாலுமிகளுக்கு அது உதவியிருக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முதல் உரிமை ஜுல்ஃபாக்காரர்களுக்கும் சூரத்துக்காரர்களுக்கும் இருந்தது. அந்தத் தொகையை எடுக்கும் முன் கோஜா பாபாவின் மனுவுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.